சிரிப்பை நம்பாதவள்

களம்பூர்ச் சாலையில் பாதி தூரம் வந்ததும் வலது பாதத்தில் கட்டியிருந்த துணி அவிழ்ந்துவிட்டது. ஒரு புளியமரத்து வேரில் உட்கார்ந்து மறுபடி கட்டினேன். காலையில் அவள் போட்ட முடிச்சு எனக்கு வரவில்லை. நிமிர்ந்தபோது வந்த வழி கண்ணில் பட்டது. தூறலுக்குள் ஆரணியின் சாய அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. அந்த ஊருக்குத் தை மாதம் போய் ஐப்பசியில் கிளம்பியிருக்கிறேன். ஓர் ஊரில் அவ்வளவு காலம் நான் அதற்கு முன் தங்கியதில்லை.

அவள் யாரையும் பார்த்து "சாப்ட்டியா" என்று கேட்டதில்லை. அவளைப் பற்றிச் சொல்ல வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்குத் தெரியவில்லை. நம் பக்கத்தில் சண்டைக்கு வந்தவனைக்கூட அப்படித்தான் விசாரிப்போம். அவள் விசாரிக்க மாட்டாள். நேரே போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள்.

ஆரணிச் சேரியில் வேதக்காரர் என்னும் கிறிஸ்தவர்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு சிறிய கோயிலும் அதன் பின்னால் சாமியார் வீடும் இருந்தன. சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். அவள் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து, நெல் குத்தி, முற்றம் பெருக்கி, சுற்றுச்சுவர் ஓரத்துக் கொட்டகையில் குடியிருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் எனக்குத் தெரியாது. தெருவே அக்கா என்றது. சாமியாரும் தம்முடைய புத்தகத் தமிழில் "அக்காளே" என்று கூப்பிடுவார்.

நான் வேலை கேட்டுப் போய் நின்ற அன்று சாமியார் என் முகத்தைப் பார்த்து, "உனக்கு உடம்பு சுகமா?" என்று கேட்டார்.

"சுகந்தான் சாமி." மூன்றாவது வரை படித்திருக்கிறேன், திண்டிவனத்திலிருந்து நடந்தே வந்தேன், எந்த வேலையும் செய்வேன் என்று அடுக்கினேன். வாசலில் கால் கழுவிவிட்டு வந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நடந்து வந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, இந்தாளுக்கு ஒரு காலு சரியில்ல. ஈரத்தடத்தப் பாருங்க. எடது காலுக்குக் குதிகாலு விழுந்துகீது. வலது காலுக்கு வெரலு மட்டுந்தான் கீது."

குதிகாலில் முள் ஏறிப் பழுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலை போயிற்று என்று மூட்டையை எடுத்தேன்.

"எங்க போற? தண்ணி எறைக்கக் கைதான வேணும்? ஒக்காரு" என்றாள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக வைத்துக் கட்டினாள். நான் கத்தினேன். "கத்து, அது நல்லது" என்றாள்.

அந்த வீட்டில்தான் அப்படியொரு பிராணியைப் பார்த்தேன். சாமியார் தம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கண்ணாடி ஜாடிகளில் மூன்றைக் கப்பலேற்றினாராம். புதுச்சேரிக் கரையைக் கண்டது ஒன்றுதான். ஒரு சாண் நீளம் இருக்கும். வெந்த அரிசியின் வெள்ளை. பல்லியின் உடம்பு, நாலு கால், மீனின் வால். தலைக்கு இரு பக்கமும் சிவப்புச் செவுள்கள் மூன்று மூன்றாக வெளியே தொங்கும், பட்டுப்புடவைத் தலைப்பில் முடிகிற குஞ்சம் போல. அது அக்ஸொலோத் என்றும், மெக்சிக்கோ என்ற தேசத்து ஏரிப் பிராணி என்றும், பாரிசில் அதை வளர்க்கிறார்கள் என்றும் சாமியார் சொல்வார். தெருவில் அதற்குக் குஞ்சப்பல்லி என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜனங்கள் அதைப் பார்க்க வருவார்கள். அதன் வாய் இரண்டு ஓரமும் மேலே வளைந்திருக்கும்.

"அய்ய, சிரிக்குது பாரேன்!"

"அது சிரிக்கல" என்பாள் அவள். "அதுக்கு வாயே அப்டி. நோவு வந்தாலும் அதே வாயிதான். செவுளப் பாரு, வால் நுனியப் பாரு. அதுங்கதான் பேசும்."

"இன்னாக்கா, போலீஸ்காரன் மாதிரி எல்லாத்தையும் சந்தேகமாவே பாக்கற?"

"போலீஸ்காரன் மூஞ்சியப் பாப்பான். நான் அதப் பாக்கவே மாட்டேன்."

விடியற்காலையில் நான் இறைத்த தண்ணீரை அவள் நிழலில் தெளிய வைத்து, அதன்பிறகே பழைய தண்ணீரில் பாதியை மொண்டுவிட்டு ஊற்றுவாள். வாழைமரத்தடியில் மண்புழு தோண்டி, கழுவி, ஒவ்வொன்றாகப் போடுவாள். தின்னாமல் விட்ட துண்டை ஈர்க்குச்சியால் உடனே எடுத்துவிடுவாள். செவுள் பின்னால் சாய்ந்து மெல்ல அசைந்தால் நல்லது. முன்பக்கமாக மடிந்தால் ஏதோ தொந்தரவு. வால் நுனி கொக்கிபோல வளைந்தால் பெரிய பேஜார். இதில் பாதி சாமியார் சொன்னது, மீதி அவளே பார்த்துத் தெரிந்துகொண்டது.

மனிதர்களிடமும் அவளுக்கு இதே வழக்கம்தான். கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஒருத்தி கிணற்றடியில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவள் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்தாள். ஒரு கை நிறைய வளையல் இருந்தது. மறுகையில் ஒன்றுகூட இல்லை, உடைந்த வளையல் கிழித்த கோடுகள்தான் இருந்தன. "இன்னிக்கு எங்கூடப் படுத்துக்கோ" என்றாள். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவளுடைய தகப்பன் வந்து அழைத்துப் போகும் வரை கொட்டகையில்தான் இருந்தாள். புருஷன் வீட்டார் தெருவில் நின்று திட்டினார்கள். இவள் பாட்டுக்கு நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

எல்லாருக்கும் இது பிடித்ததில்லை. சிலர் அவளைக் கண்டால் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள். எனக்கும் சில நாள் எரிச்சலாக வரும். ஒரு மனிதன் வெறுமனே நின்றுகொண்டிருக்கக்கூட முடியாதா என்று தோன்றும்.

மாசி மாதம் சாமியார் இருமத் தொடங்கினார். கேட்டால், "நான் மிகவும் சுகமாக இருக்கிறேன், அக்காளே" என்று தாடி அசையச் சிரிப்பார்.

"சாமி நாலு நாளா பூட்ஸு கயித்தக் கட்டல. குனிஞ்சா மூச்சு வாங்குது. புதுச்சேரி டாக்டரண்ட போங்க."

அவர் போகவில்லை. பங்குனியில் இருமலோடு ரத்தம் வந்த பிறகு சமையல்காரர் வண்டி கட்டி அழைத்துப் போனார். வண்டியில் ஏறும்போது சாமியார் ஜன்னலோரத்து ஜாடியின் பக்கம் கையைக் காட்டி, "அதைப் பார்த்துக்கொள். மழைக்கு வந்துவிடுவேன்" என்றார்.

"நீங்க வர வரைக்கும் அது இருக்கும் சாமி" என்றாள்.

அவள் வாக்குக் கொடுத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் போன பிறகு பூசை இல்லை, ஜனங்களும் குறைந்தார்கள். சமையல்காரரும் புதுச்சேரியிலேயே தங்கிவிட, பெரிய வீட்டில் அவளும் நானும் அந்தப் பிராணியும் மட்டும்தான்.

சித்திரை வந்தது. அது குளிர்ந்த தண்ணீரில் இருக்க வேண்டிய ஜீவன். ஆரணி வெயிலில் கண்ணாடி ஜாடித் தண்ணீர் உச்சிப்பொழுதுக்குள் வெதுவெதுப்பாகிவிடும். மண்பானைதான் தண்ணீரைக் குளிர வைக்கும். வீட்டில் இருந்தவை எல்லாம் குறுகிய வாய்ப் பானைகள். புதுப்பானையில் மண் கரையும். பழகிய, அகலவாய்ப் பானை ஒன்று வேண்டும்.

"ஊர்லயே சுத்தமான பானையா கேட்டு வாங்கிகினு வா. ஜல்தி" என்று என்னை அனுப்பினாள்.

நெசவாளர் தெருவில் ஒரு சாயக்காரர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"சுத்தமான பானைன்னா எங்கூட்ட வுட்டா வேற எங்கப்பா கெடைக்கும்?" என்றார். "வருசக்கணக்கா காரம் காய்ச்சின பானை. அழுக்கு அதும் பக்கத்துல வருமா?"

காய்ச்சாத பச்சைப் பட்டுநூலில் ஒரு பசை இருக்கும். அதை உவர்மண்ணிலிருந்து எடுத்த காரம் கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை கழன்று நூல் வெளுத்து மெத்தென்று ஆகும். சாயம் அதன்பிறகுதான் ஏறும். ஆதலால் ஆரணியில் காரம் என்றால் சுத்தம். காரப்பானையைவிடச் சுத்தமான பானை உண்டா என்று கேட்டால் அந்த ஊரில் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சாயக்காரர் பானையைத் தாமே தேய்த்துக் கழுவி, வாசலில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "திருப்பிக் குடுக்க வேணாம், வச்சிக்கங்க" என்றார். சேரிப் பக்கம் போன பானை மறுபடி அவர் வீட்டுக்குள் வராது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கொடுத்தது நல்ல பானை. அவர் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் பானையைத் தட்டிப் பார்த்து, "நல்ல மனுசன்" என்றாள்.

தண்ணீர் சில்லென்று குளிர்ந்தது. பிராணி அடியில் போய் நிம்மதியாகப் படுத்தது. அவள் அன்று பாடிக்கொண்டே நெல் குத்தினாள்.

சில நாளில் அது புழுவைத் தொடாமல் விட்டது. செவுள்கள் முன்னால் மடிந்தன. வால் நுனி கொக்கியாக வளைந்தது.

"சூடுதான்" என்றாள். பானையைச் சுற்றி ஈரத்துணி போட்டாள். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தாள். தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றினாள், அதே பானையில். அது இன்னும் மோசமானது. செவுளின் சிவப்பு இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் மிதந்தன. மேல்தோல் நூல்நூலாக உரிந்தது. ஒரு செவுளில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ பிடித்தது.

எட்டிப் பார்த்த, வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாரின் மனைவி, "சிரிச்சிகினுதான கீது? உனுக்கு வேற வேல இல்ல" என்றுவிட்டுப் போனாள். உண்மைதான், அதன் வாய் முதல் நாள் போலவேதான் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று உச்சிவெயிலில் அவள் பானைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"சாப்ட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன்பா" என்றாள். சிரித்தாள்கூட.

நான் கொட்டகைக்குப் போய் அவளுடைய சட்டி மூடியைத் திறந்தேன். காலைக் கஞ்சி ஆடை கட்டி அப்படியே இருந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"தாது வருசத்துப் பஞ்சத்துல எங்கூட்டுக்காரு இப்டிதான் சொல்வாரு. கஞ்சித்தொட்டியில ஊத்தறத வூட்டுக்கு எத்துகினு வருவாரு. நீ சாப்ட்டியான்னு கேப்பேன். அங்கயே சாப்ட்டேன், இது உனுக்குன்னு சொல்வாரு. சிரிச்ச மூஞ்சி அவருக்கு. நான் கேப்பேன், அவரு சொல்வாரு, நான் குடிப்பேன். வேட்டி இடுப்புல நிக்காம கயிறு போட்டுக் கட்டிகினாரு. அதையும் பாத்துகினுதான் இருந்தேன். கண்ணு பாத்துச்சு. ஆனா நான் வாயத்தான் நம்பினேன்."

பஞ்சத்தில் என் வீட்டிலும் ஆட்கள் போயிருந்தார்கள். யார் வீட்டில் போகவில்லை?

பேசும்போது அவள் கை பானையின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தது. திடீரென்று கை நின்றது. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். ஈரத்துணியை விலக்கினாள். பானையின் வயிற்றில், தண்ணீர் கசிந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை வழித்து நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"வழவழன்னு கீது. சவுக்காரம் மாதிரி. நாக்கு எரியுது." என் முகத்தைப் பார்த்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்து அப்போதுதான் முதல்முறை. "காரம்டா. பானை குடிச்சு வச்ச காரமெல்லாம் தண்ணியில எறங்குது. பட்டுக்குப் பசை போற மாதிரி இதுக்கும் போவுது. இதுக்குப் பசைதான்டா தோலு!"

எழுந்த வேகத்தில் கஞ்சிச் சட்டி கவிழ்ந்தது. கொட்டகையில் அவள் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த பானை இருந்தது. அதன் வாய் குறுகல். அரிவாளின் பின்புறத்தால் அளவாகத் தட்டிக் கழுத்தை உடைத்து எடுத்தாள். "இந்தப் பானையப் பத்தி எனுக்குத் தெரியும். நாந்தான் குடிக்கறேன்" என்றாள். கிணற்றின் அடித்தண்ணீரை நான் இறைத்தேன். பிராணியை இரண்டு கையாலும் தண்ணீரோடு ஏந்தி மாற்றினாள். வெள்ளைப் பஞ்சுக்குச் சாமியார் சொல்லிவிட்டுப் போன வைத்தியம் உப்புத்தண்ணீர், கொஞ்ச நேரம் மட்டும். தனிச் சட்டியில் கல்லுப்பைக் கரைத்து, அதில் அதை விட்டு, செபமாலையில் பத்து மணிகளை உருட்டி மந்திரம் சொல்லி முடிந்ததும் எடுத்துவிடுவாள். அவசரத்தில் மந்திரத்தை விழுங்கியும் சொல்லமாட்டாள், பயத்தில் இழுத்தும் சொல்லமாட்டாள். தினமும் அப்படிச் செய்தாள். தன் பானை போனதால் அவள் வாளியிலிருந்து தண்ணீர் குடித்தாள்.

காரப்பானையை வாசலில் கவிழ்த்து வைத்திருந்தாள். சாயக்காரர் காதுக்கு அது போயிற்று. மறுநாளே தெருவில் வந்து நின்றார்.

"என் பானைய வாசல்ல கவுத்துட்டியாமே? ஊரே பாக்குது. அதுல இன்னா குத்தம் கண்ட நீ?"

"பானையில குத்தமில்லீங்க. அது வேல அது செஞ்சிச்சு" என்றாள் அவள். "சுத்தம்னு கேட்டது நாந்தான். நீங்க குடுத்தது சுத்தந்தான். இதுக்கு இன்னா வேணும்னு எனுக்குத்தான் கேக்கத் தெரியல. வந்து பாருங்க."

அவர் தயங்கினார். பிறகு செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்த வளவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பானைக்குள் எட்டிப் பார்த்தார். தலையின் இரு பக்கமும் மொட்டைக் காம்புகள் மட்டும் நின்றன.

"அடப்பாவமே, குஞ்சம் அத்தனையும் பிரிஞ்சு போச்சே" என்றார். எத்தனையோ பட்டுநூலைக் காரத்தில் போட்டு எடுத்தவர், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அது தெரிந்ததாலேயே அவருக்குத் தாங்கவில்லை.

அன்று முதல் அவர் தினமும் தெருவில் நின்று குரல் கொடுப்பார்: "இன்னாம்மா, குஞ்சம் மொளச்சுதா?"

"இன்னும் இல்லீங்க."

"புழு துன்னுச்சா?"

"பாதி துன்னுச்சு."

பாதிப் புழுவுக்கே அவர் முகம் மலர்ந்துவிடும். வைகாசி கடைசியில் அந்தக் காம்புகளில் இளஞ்சிவப்பாக ஊசிமுனை போல ஏதோ தெரிந்தது. ஆடியில் அவை இழையாகின. வால் நுனி நேராகிவிட்டது. சாயக்காரர் வந்து பார்த்து, "எந்தொழில்ல பிரிஞ்ச குஞ்சம் தானா முடிஞ்சிகினத நான் பாத்ததில்ல" என்றார். அவள் அவருக்குத் தெரியாமல் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "அவருக்கு நகக்கண்ணுல புண்ணு. வேப்பெண்ணெய் குடுத்தா வாங்கிக்குவாரா?" என்று கேட்டாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பெயரைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள்.

சொன்னபடியே சாமியார் மழைக்கு வந்தார். வண்டியிலிருந்து இரண்டு பேர் இறக்கினார்கள். முதலில் ஜன்னலண்டை போய் அந்தப் பிராணியைப் பார்த்தார். அது செவுளைப் பின்னால் சாய்த்து நீந்தியது. அவருக்குக் கண் கலங்கியது. "அக்காளே, நானும் மிகவும் சுகமாகிவிட்டேன்" என்றார். பூட்ஸ் கயிறுகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சமையலறையில் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "அது அவரு போடற முடிச்சு இல்லப்பா. யாரோ கட்டி வுட்டுகீறாங்க" என்றாள். ஊதியதில் சாம்பல் பறந்து அவள் கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு கஞ்சியை இறக்கினாள். பிறகு அவர் குடித்து வைத்த கிண்ணத்தில் எவ்வளவு மீதி என்று பார்த்தாள்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் காலையில் அவள் சொன்னாள்: "ரெண்டு நாளா வாசப்பக்கம் கால நீட்டிகினு தூங்கற. கெளம்பிடு."

"இல்லக்கா. எனுக்கு இங்க நல்லாத்தான் கீது."

"உம். வாயி சொல்லுது."

கிணற்றடி ஈரத்தில் நின்று நின்று என் குதிகால் மறுபடி பழுத்திருந்தது. நான் சொல்லவில்லை. அவளே புளிச்சோறு கட்டி வைத்து, காலைப் பிடித்து இழுத்துக் கட்டுப் போட்டாள். "இது ஆறல. நீ நிக்கவும் மாட்ட. களம்பூர் பக்கம் ரயிலுக்குப் பாதை போடறாங்களாம். போனா தண்ணி ஊத்தற வேல, காவக்கார வேல ஏதாச்சும் கேளு. மண்ணு தூக்கற வேல மட்டும் வேணாம். அந்தப் பாரம் குதிகாலு வழியாத்தான் எறங்கும்."

அன்று இருட்டுவதற்குள் களம்பூர் சேர்ந்து, ஒரு நெல் மண்டியின் தாழ்வாரத்தில் படுத்தேன். காலையில் எழுந்தபோது என் கால் எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்று பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். பாதை போடும் இடத்துக்குப் போனேன். வயலுக்கு நடுவே பெரிய வரப்பு போல மண் கொட்டி உயர்த்திக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் ஆகிவிட்டது, காவலுக்கும் ஆகிவிட்டது, மண் சுமக்க மட்டும் வேண்டும் என்றார்கள்.

மேஸ்திரி என் பாதத்துத் துணியைக் காட்டி, "காலுல இன்னா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் கீது" என்றேன். சிரித்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டான். கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தான்.